வீட்டுப் பூஞ்சையை வினிகர் வைத்து நீக்குவது எப்படி?

குளியலறை மூலையிலோ பீரோவுக்குப் பின்னாலோ புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும் பூஞ்சையை ஈரத்துணியால் துடைத்தால் உடனே போய்விடும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில், அதே வடிவத்தில் மறுபடி வந்திருக்கும். வினிகர் அடித்துப் பார்த்தவர்களிலும் பலர் "அதுக்கும் போகலை" என்றுதான் சொல்கிறார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று விசாரித்தால், அடித்த ஐந்தாவது நிமிடமே துடைத்திருப்பார்கள். துடைத்த இடத்தை ஈரத்தோடே விட்டிருப்பார்கள். வினிகர் வேலை செய்யும். ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும், அப்புறம் அந்த இடத்தை நன்றாக உலர்த்த வேண்டும். இந்த இரண்டையும் விடாமல் செய்தால், சின்ன அளவில் பிடித்த பூஞ்சையை யாரையும் கூப்பிடாமல் நீங்களே நீக்கிவிடலாம்.

பூஞ்சைக்கு என்ன வேண்டும்

பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கும். வித்தே இல்லாத வீடு கிடையாது. ஒரு வித்து விழுந்து முளைக்க வேண்டுமென்றால் அதற்கு உணவு, மிதமான வெப்பம், ஈரம் மூன்றும் வேண்டும். உணவுக்குக் குறைவே இல்லை. சோப்புப் படிவு, தூசி, பெயின்ட், மரம், அட்டை, தோல் என்று எதைத் தொட்டாலும் அது அதற்குச் சாப்பாடுதான். நமக்கு இதமான வெப்பம் அதற்கும் இதம். ஆக, நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிப்பதில்லை.

ஈரம் என்றால் தண்ணீர் சொட்ட வேண்டும் என்பதில்லை. சுவரை ஒட்டியிருக்கும் காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நின்றாலே போதும். ஒரு கணக்கு பாருங்கள். அறைக்காற்றின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இது பயப்படும்படியான ஈரப்பதமே அல்ல. ஆனால் இதே காற்று 20 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த ஒரு சுவரைத் தொடும்போது, அந்த இடத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டுவிடும். சுவர் 17 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருந்தால் நீர்த்துளியே படியும். 20 டிகிரிச் சுவரைக் கையால் தொட்டால் காய்ந்திருப்பதாகத்தான் தோன்றும். பூஞ்சைக்கோ அந்த ஈரமே தாராளம். வெளிச்சுவரின் மூலை, பீரோவின் முதுகுப் பக்கம், ஏ.சி. காற்று நேராக அடிக்கும் சுவர் ஆகிய இடங்களில் எந்தக் கசிவும் இல்லாமலே பூஞ்சை பிடிப்பது இதனால்தான்.

வினிகருக்கு வருவோம். கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் 4 முதல் 5 சதவீதம் வரை அசிட்டிக் அமிலம் இருக்கும், மற்றதெல்லாம் தண்ணீர். இந்த அமிலத்தின் மூலக்கூறு சிறியது. பூஞ்சைச் செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே போய், அங்கே அமிலத்தன்மையைக் கூட்டி, செல் இயங்க முடியாமல் செய்துவிடும். ஆனால் அது ஒரு நொடியில் நடக்கிற காரியம் இல்லை. எல்லாப் பூஞ்சையும் இதற்கு அடங்கிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெனிசிலியம் வகையில் சில இதற்குச் சாகும், ஆஸ்பர்ஜில்லஸ் வகையில் சில தாக்குப்பிடிக்கும். "இத்தனை சதவீதப் பூஞ்சையை வினிகர் கொல்லும்" என்று சுற்றிவரும் கணக்குகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதோடு, செத்த பூஞ்சையும் தும்மலும் மூச்சிரைப்பும் வரவழைக்கும். அதனால் பூஞ்சையைக் கொல்வதோடு நிற்காமல், தேய்த்து எடுத்து அந்த இடத்தை விட்டே அகற்ற வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை

அது பூஞ்சைதானா? செங்கல், சிமெண்ட் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூப்பது பல சமயம் உப்பு. விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று பொடியாக உதிர்ந்து, தண்ணீர் தெளித்ததும் கரைந்தால் அது உப்புப் பூத்தல். பூஞ்சை கரையாது, தேய்த்தால் இழுவிக்கொள்ளும், ஒரு மக்கல் வாடையும் கூடவே இருக்கும். உப்பு என்றாலும் சுவருக்குள் ஓதம் ஏறுகிறது என்றுதான் அர்த்தம். ஆனால் அதற்கு வினிகர் மருந்தில்லை.

எவ்வளவு இடத்தில் இருக்கிறது? மொத்தம் 10 சதுர அடிக்குள், அதாவது நீளமும் அகலமும் 3 அடி உள்ள ஒரு கட்டத்துக்குள் அடங்கினால் வீட்டிலேயே செய்யலாம். அதைத் தாண்டினால் இந்த வேலையைத் தெரிந்தவர்களிடம் கொடுப்பதுதான் சரி. கழிவுநீர் புகுந்து நனைந்த இடமாக இருந்தாலும், ஏ.சி. காற்றுக்குழாய்க்குள் பிடித்திருந்தாலும், அளவு சிறிதாக இருந்தாலும் நீங்களே இறங்க வேண்டாம்.

யார் செய்யப் போகிறார்கள்? ஆஸ்துமா, கடுமையான ஒவ்வாமை, நுரையீரல் நோய் உள்ளவர்களும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வேலை நடக்கும்போது அந்த அறைப் பக்கமே வராமல் இருப்பது நல்லது. குழந்தைகளையும் வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள். கருப்பாக இருந்தால் கொடிய விஷம், பச்சையாக இருந்தால் பரவாயில்லை என்று சிலர் சொல்வதுண்டு. நிறத்தை வைத்து அப்படி எதையும் தீர்மானிக்க முடியாது. எந்த நிறமானாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுக்கும் முறையும் ஒன்றுதான். வீட்டில் இது என்ன வகை என்று சோதனைக்கு அனுப்புவதற்குப் பெரும்பாலும் அவசியம் இருக்காது.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. இதை விட்டுவிட்டு வினிகர் அடிப்பது, வேர் மண்ணுக்குள் இருக்கப் புல்லை மேலாக அறுப்பது மாதிரி. எங்கே பிடித்திருக்கிறது என்பதே பாதி துப்பு கொடுத்துவிடும். சுவரின் அடியிலிருந்து ஒரு பட்டையாக மேலேறினால் தரையிலிருந்து ஓதம் வருகிறது. கூரையில் வட்டமாக, ஓரத்தில் பழுப்புக் கோட்டோடு இருந்தால் மேலே கசிவு. சிங்க்குக்கு அடியில் என்றால் குழாய் இணைப்பில் ஒரு காகிதத்தைச் சுற்றிக் கட்டிவிட்டுக் காலையில் பாருங்கள், சொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். கூரை மூலையில் பரவலாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் என்றால் கசிவு எதுவும் இருக்காது, காற்றோட்டம்தான் போதவில்லை. கசிவை அடைத்த பிறகுதான் வினிகரைக் கையில் எடுக்க வேண்டும்.

தேவையான பொருட்கள்

வெள்ளை வினிகர் ஒரு லிட்டர். பழுப்பு நிற வினிகரும் பழ வினிகரும் வேண்டாம், அவை கறை விடும், அவற்றில் மிஞ்சும் சர்க்கரை பூஞ்சைக்கே தீனியாகும். பாட்டிலில் அமிலத்தின் அளவு எவ்வளவு என்று பாருங்கள், 5 சதவீதம் இருந்தால் நல்லது. அதிக வேகம் வேண்டுமென்று அடர் அசிட்டிக் அமிலத்தை வாங்கிவிடாதீர்கள். அது தோலைப் பொசுக்கும், அதன் ஆவி கண்ணையும் நுரையீரலையும் தாக்கும்.

இன்னும் வேண்டியவை: ஸ்பிரே பாட்டில், முழங்கைக்குப் பாதி வரும் ரப்பர் கையுறை, என்95 முகக்கவசம், பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, நைலான் பிரஷ், பழைய டூத்பிரஷ், நான்கைந்து பழைய துணிகள், இரண்டு வாளி, பிளாஸ்டிக் பை, டார்ச். சாதாரணத் துணி முகக்கவசம் வித்துகளைச் சரியாகத் தடுக்காது. மூக்கின் இருபுறமும் அழுந்தி உட்காரும் என்95 வேண்டும்.

எதோடும் கலக்காதீர்கள்

வினிகரை ப்ளீச்சோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கலக்கவில்லையே என்று இருந்துவிடக் கூடாது, முன்தினம் ப்ளீச் ஊற்றிக் கழுவிய தரையில் இன்று வினிகர் வழிந்தாலும் கலந்ததாகத்தான் கணக்கு. கழிப்பறைக்கு ஊற்றும் திரவங்களிலும், "பூஞ்சை நீக்கி" என்று விற்கும் பலவற்றிலும் ப்ளீச் இருக்கும். முன்பு அவற்றைப் பயன்படுத்தியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, காய்ந்த பிறகு வேறொரு நாளில் வினிகர் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வேலையின் நடுவில் மூக்கும் கண்ணும் திடீரென்று எரிய ஆரம்பித்து, நீச்சல்குள வாடை போல ஒன்று அடித்தால், அப்படியே போட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் ஊற்றக் கூடாது. பெரசிட்டிக் அமிலம் உருவாகும், அது கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். சமையல் சோடாவோடு கலந்தால் ஆபத்து ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. பொங்கி நுரைப்பதைப் பார்த்தால் பெரிதாக ஏதோ நடப்பது போல இருக்கும். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. மிஞ்சுவது கொஞ்சம் உப்பு கலந்த தண்ணீர். சோடாவைப் பயன்படுத்த ஆசை என்றால் வினிகர் வேலை முடிந்து கழுவிய பிறகு, குழைத்துத் தேய்க்கும் பொடியாகப் பயன்படுத்துங்கள்.

இப்போது வேலை

குளியலறை டைல்ஸை எடுத்துக்கொள்வோம். பழகுவதற்கு அதுதான் எளிது.

வீட்டுக்குள் திறக்கும் கதவைச் சாத்துங்கள், வெளிப்பக்க ஜன்னலைத் திறங்கள். வெளியே காற்றைத் தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடலாம். ஆனால் பூஞ்சை மேல் படும்படி எந்த மின்விசிறியையும் திருப்ப வேண்டாம், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். அதே காரணத்தால் காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் பெருக்குவதும், கரண்டியால் சுரண்டுவதும் கூடாது. எது செய்தாலும் நனைத்த பிறகுதான். கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள், பாட்டிலைத் திறந்த பிறகு இல்லை.

டைல்ஸ் மேல் தண்ணீர் நின்றால் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தின் மேல் அடித்த வினிகர் நீர்த்துப்போகும். சோப்புப் படிவு தடிமனாக இருந்தால் முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, துடைத்துவிடுங்கள். படிவை ஊடுருவி வினிகர் கீழே போகச் சிரமப்படும்.

வினிகரைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள். "பாதிக்குப் பாதி தண்ணீர்" என்ற யோசனையைப் பல இடங்களில் பார்க்கலாம். கண்ணாடி துடைக்க அது சரி, பூஞ்சைக்கு இருக்கிற 5 சதவீதத்தையும் பாதியாக்கினால் வேலை நடக்காது. நெருக்கத்தில் பிடித்து, புள்ளிகளையும் அவற்றைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கும் நனையும்படி அடியுங்கள். கண்ணுக்குத் தெரியும் புள்ளியைத் தாண்டியும் அதன் இழைகள் ஓடியிருக்கும். சுவரில் கீழிருந்து மேலாக அடித்தால் ஒழுகிய கோடுகள் விழாது.

செங்குத்தான சுவரில் வினிகர் நிற்காமல் வழிந்துவிடுவதுதான் பெரிய தொல்லை. இதற்கு டிஷ்யூ காகிதம் கைகொடுக்கும். காகிதத்தைப் பட்டையாக மடித்து, வினிகரில் தோய்த்து, லேசாகப் பிழிந்து, பூஞ்சை பிடித்த கோட்டின் மேல் விரலால் அழுத்தி ஒட்டுங்கள். காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்டினால் அது விழாமல் அப்படியே நிற்கும். டைல்ஸ் இடைவெளிகளுக்கும் கூரையை ஒட்டிய மூலைகளுக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சரி, இனி ஒரு மணி நேரம் அதைத் தொடாதீர்கள். இடையில் ஒருமுறை வந்து பாருங்கள், காகிதமோ பரப்போ காய்ந்திருந்தால் மறுபடி நனைக்க வேண்டும். காய்ந்துபோன வினிகர் வேலை செய்யாது, மொத்தமாக ஆவியாகிவிடும்.

ஒரு மணி நேரம் ஆனதும் காகிதத்தை எடுத்து நேராகப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். அந்தக் காகிதத்தின் அடிப்பக்கம் பெரும்பாலும் மங்கிய பழுப்பில், பூஞ்சை இருந்த வடிவத்திலேயே கறை பட்டிருக்கும். இப்போது பிரஷ். இடைவெளிக் கோடுகளில் டூத்பிரஷ்ஷைக் கோட்டின் போக்கிலேயே குட்டிக் குட்டியாக இழுங்கள். குறுக்கே தேய்த்தால் இழைகள் டைல்ஸ் மேல் இழுவிக்கொள்ளும். முதலில் கலங்கலாகப் பழுப்பு நீர் வரும், அதைத் துணியால் ஒற்றிவிட்டு மறுபடி தேயுங்கள். வழியும் நீர் தெளிவாக வரும் வரை தேய்க்க வேண்டும். கம்பிப் பிரஷ் வேண்டாம், அது பரப்பில் கீறல் போடும், பின்னால் அந்தக் கீறலிலேயே பூஞ்சை உட்காரும்.

தேய்த்த இடத்தைச் சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து எடுங்கள். இரண்டு வாளி எதற்கு என்று இப்போது புரியும். அழுக்குத் துணியை அலச ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒன்று. ஒரே வாளியில் அலசி அலசித் துடைத்தால், எடுத்ததையே திரும்பப் பூசுகிறோம்.

கடைசியாக உலர்த்துவது. இதை ஏனோதானோவென்று செய்தால் அதுவரை பட்ட பாடு வீண். காய்ந்த துணியால் துடைத்த பிறகு, இனி மின்விசிறியைத் தாராளமாகத் திருப்பலாம். சில மணி நேரம் காற்று ஓடட்டும். முடிந்தால் அன்று இரவு அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் விடுங்கள். சிமெண்ட் இடைவெளிகள் மேலே காய்ந்த நிறத்துக்கு வந்த பிறகும் உள்ளே ஈரம் வைத்திருக்கும். துணிகளையும் காகிதத்தையும் பையில் கட்டி வெளியே போட்டுவிட்டு, போட்டிருந்த உடையைத் தனியாகத் துவைத்து, நீங்களும் குளித்துவிடுங்கள், வேறு குளியலறை இருந்தால் அதில். வினிகர் வாடை சில மணி நேரத்தில் தானே போய்விடும், அதை மறைக்க எதையும் தெளிக்க வேண்டியதில்லை.

மறுநாள் டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத மெல்லிய பூ, சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு தெரியும். தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு முறை. பூ இல்லாமல் நிறம் மட்டும் நின்றால் அது கறை. முழுதும் கழுவிக் காய்ந்த பிறகு வேறொரு நாளில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் ஓரளவு வெளுக்கும்.

குளியல் தொட்டி ஓரத்திலோ சிங்க் ஓரத்திலோ இருக்கும் சிலிகான் பட்டையில் கருப்பு நின்றுவிட்டதா? எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை என்றால் அது பட்டையின் உள்ளேயே வளர்ந்துவிட்டது. வினிகரோ வேறெதுவோ அங்கே எட்டாது. பட்டையை அறுத்தெடுத்து, அடியில் இருப்பதைச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து, பூஞ்சை எதிர்ப்பு என்று குறிப்பிட்ட புது சிலிகான் போடுங்கள். அதைப் பூசும்போது பல சமயம் வினிகர் வாடைதான் வரும், இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை அது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் விட வேண்டும்.

வினிகர் படக் கூடாத இடங்கள்

மார்பிள், சுண்ணாம்புக் கல், டிராவர்டைன் ஆகியவற்றின் மேல் வினிகர் பட்டால் கல் கரைந்து, பளபளப்பு போய் மங்கலான தடம் விழும். துடைத்தாலும் அது போகாது. பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கிரானைட்டில் மேற்பூச்சைக் கெடுக்கும். அலுமினியத்தையும் வார்ப்பிரும்பையும் அரிக்கும். இந்த இடங்களுக்கெல்லாம் மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். சிமெண்ட் இடைவெளிகளையும் வினிகர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். எப்போதாவது ஒருமுறை அடித்துக் கழுவினால் பாதகமில்லை. பூஞ்சை வராமல் இருக்க வாராவாரம் அடிப்பேன் என்று பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். வினிகர் காய்ந்ததும் பரப்பில் ஒன்றும் தங்காது, அதனால் வருமுன் காக்கும் வேலையை அது பெரிதாகச் செய்வதும் இல்லை.

ஏ.சி.யின் உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளில் வினிகர் அடிக்க வேண்டாம். வடிகட்டியை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். உள்பகுதிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் வளையமும் அடிக்கடி வினிகர் பட்டால் இறுகி வெடிக்கும். அதன் மடிப்பைப் பிரித்துச் சோப்புத் துணியால் துடைத்து, ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் கதவைத் திறந்தே வையுங்கள்.

டைல்ஸ் தவிர மற்றவை

பெயின்ட் அடித்த சுவரில் ஊறும் அளவுக்குத் தெளிக்க வேண்டாம். துணியை நனைத்து ஒற்றி வையுங்கள். பீரோவுக்குப் பின்னாலோ கதவு மறைவிலோ ஒரு விரல்கடை இடத்தில் சோதித்துப் பார்த்து, பெயின்ட் உப்பவோ நிறம் மாறவோ இல்லை என்று தெரிந்த பிறகு மற்ற இடத்துக்குப் போங்கள். பூஞ்சையின் மேலேயே பெயின்ட் அடித்து மறைப்பது வேண்டாத வேலை. சில மாதத்தில் அந்தப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து வரும். சுத்தம் செய்து, பல நாள் காயவிட்டு, அப்புறம் அடியுங்கள்.

வார்னிஷ் போட்ட மரத்தில் வினிகர் துணியால் துடைத்து, பத்து நிமிடத்தில் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். வார்னிஷ் இல்லாத மரத்தில் ஆணித்தலைகள் தெரியும் இடத்தைக் கவனியுங்கள். வினிகர் இரும்பைக் கரைத்து, அது மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து நீலம் கலந்த கருப்பாகக் கறை போடும். பூஞ்சை பரவிவிட்டது என்று பதறிப்போய் இன்னும் வினிகர் ஊற்றினால் கறைதான் பெரிதாகும்.

துணியில் என்றால், முதலில் வெளியே கொண்டுபோய் உதறுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கப் வினிகர் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். தோல் செருப்பு, பைகளுக்கு மட்டும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகர். துணியை அதில் நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

புத்தகத்துக்கு வினிகர் கூடவே கூடாது. காற்றோட்டமான இடத்தில் பக்கங்களை விரித்து நிறுத்தி முழுதாகக் காயவிட்டு, பிறகு முகக்கவசத்தோடு வெளியில் வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

மெத்தை, பஞ்சு நிரப்பிய நாற்காலி, கம்பளத்தின் அடி விரிப்பு, நனைந்து ஊறிய ஜிப்சம் பலகை, ஃபால்ஸ் சீலிங் அட்டை ஆகியவற்றில் பூஞ்சை ஆழமாக இறங்கிவிட்டால் எதைக் கொண்டும் மீட்க முடியாது. மனசு கேட்காமல் வைத்துக்கொண்டால் அதிலிருந்து வித்துகள் வந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டி வெளியேற்றுங்கள்.

திரும்ப வராமல் இருக்க

ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி வையுங்கள். அறையில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 30 முதல் 50 வரை இருந்தால் மிக நல்லது. எண்ணைப் பார்க்க ஆரம்பித்தால் பல விஷயம் தானாகப் புரியும். குளித்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டால் படுக்கையறையில் எண் எவ்வளவு ஏறுகிறது, அறைக்குள் துணி காயப்போட்ட அன்று எவ்வளவு நேரம் இறங்காமல் நிற்கிறது என்றெல்லாம் கண்ணால் பார்க்கலாம். வாஷிங் மெஷின் நிறையத் துவைத்துப் பிழிந்த துணி, காயும்போது லிட்டர் கணக்கில் தண்ணீரை அறைக்காற்றுக்குள் விடும். வெளியே காயப்போட வழியே இல்லையென்றால் ஒரே அறையில், கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வைத்துக் காயப்போடுங்கள்.

குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரிலும் தரையிலும் இருக்கும் தண்ணீரை வழித்துத் தள்ளிவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான், எந்தத் திரவத்தை அடிப்பதைவிடவும் பூஞ்சையை இது அண்டவிடாது. எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளிக்கும்போதும், முடித்த பிறகு அரை மணி நேரமும் ஓடவிடுங்கள். அதன் இறக்கைகளில் தூசி அடைந்தால் சத்தம்தான் வரும், காற்றுப் போகாது. ஒரு காகிதத்தை அதன் வாயருகே பிடித்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் நன்றாக இழுக்கிறது. சமையலறையிலும் கொதிக்கும் பாத்திரத்தை மூடி வைத்தாலே ஈரம் குறையும்.

பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து நான்கு விரல் அளவாவது தள்ளிப் போடுங்கள். அலமாரியில் துணியைத் திணித்து அடுக்காமல் இடைவெளி விடுங்கள், காயாத துணியை மடித்து வைக்காதீர்கள். ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டுகள் மூடிய அலமாரிக்கு உதவும், திறந்த அறைக்கு அவை போதாது. வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் மழை நாட்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் உள்ளேதான் வரும். அந்த நாட்களில் ஏ.சி.யின் உலர் நிலையோ, ஈரம் நீக்கும் கருவியோதான் எண்ணை இறக்கும். கருவியின் தண்ணீர்த் தொட்டியைத் தினமும் கொட்டிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அதற்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும்.

எல்லாம் செய்தும் வந்தால்

சுத்தம் செய்த தேதியைக் குறித்து வைத்து, முதல் மாதம் வாரம் ஒருமுறை அந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளிகள் தலைகாட்டினால் அப்போதே வினிகர் துணியை ஒட்டி எடுத்துவிடலாம். அதே இடத்தில் அதே வேகத்தில் மூன்றாவது முறையும் வந்துவிட்டால் வினிகர் பாட்டிலை வைத்துவிட்டு, பிளம்பரையோ கட்டட வேலை தெரிந்தவரையோ கூப்பிடுங்கள். நீங்கள் பார்க்காத கசிவு ஒன்று உள்ளே இருக்கலாம். கண்ணில் எதுவும் படாமல் மக்கல் வாடை மட்டும் நாள்கணக்கில் அடித்தாலும் இதையேதான் செய்ய வேண்டும். சுவருக்குப் பின்னாலோ, தரை விரிப்புக்கு அடியிலோ, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயோ அது இருக்கலாம். வீட்டில் யாருக்காவது இருமலும் மூச்சுத் திணறலும் வெளியூர் போனால் குறைந்து, திரும்பி வந்ததும் கூடினால், அதை மருத்துவரிடம் சொல்லும்போது வீட்டில் பூஞ்சை இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.